ஈரல் படம் போட்ட பதாகை

பினாங்கு லிட்டில் இந்தியாவில், துணிக்கடைகளுக்கு முன்னால் மேசை போட்டிருந்தோம். நாங்கள் பல்கலைக்கழக மாணவர்கள். விரலில் குத்தி, ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி இருக்கிறதா என்று சோதிக்க ஒரு தாதியும் வந்திருந்தார். இலவசம்தான். ஆனால் பதாகையில் பெரிதாகச் சிவப்பு ஈரல் படம் போட்டுவிட்டோம். ஈரல் என்றால் எங்கள் மக்களுக்குக் குடிதான் ஞாபகம் வரும். இது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

எதிரே பூ விற்ற அண்ணன் தன் கூட்டாளியைப் பிடித்துத் தள்ளினார். "ஒனக்குத்தான்டா மேசை போட்டிருக்காங்க. போய்க் குத்திக்க லா." கூட்டாளி சிரித்துக்கொண்டே நழுவினார். அதன்பின் பெண்கள் மேசைப் பக்கமே வரவில்லை.

என் கண் பக்கத்துக் கடை மீதே இருந்தது. அம்மா அங்கே சேலை விற்கிறார். அம்மாவின் அண்ணன் ஈரல் கெட்டு இறந்தவர். குடியைத் தொடாதவர், ஆனாலும் சாவு வீட்டிலேயே குடிகாரன் என்றார்கள். பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்தக் கிருமி தொற்றலாம் என்று பயிற்சியில் கேட்டதிலிருந்து, சோதித்துக்கொள்ளும்படி அம்மாவைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். "அந்த மேசையில ஒக்காந்தா அண்ணன் பேச்சு மறுபடி ஆரம்பிக்கும்" என்பதே பதில்.

பதாகையை அவிழ்த்துத் திருப்பினேன். வெறும் வெள்ளைத் துணியில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'குடிக்காதவருக்கும் வரும். தாயிடமிருந்து பிள்ளைக்கும் வரும்.'

அம்மா கடை வாசலுக்கு வந்து நின்று படித்தார். கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து என் கையில் திணித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

சோதனை அட்டையில் இரண்டாவது கோடு மெல்ல எழுந்தது. கிருமி இருக்கிறது என்று அர்த்தம். மருத்துவமனையில் ரத்தம் கொடுத்து உறுதி செய்ய வேண்டும், தேவைப்பட்டால் மருந்து உண்டு, பயப்பட வேண்டாம் என்று தாதி விளக்கினார். அம்மாவின் கேள்வி வேறாக இருந்தது.

"மிஸ்ஸி, இது எங்கம்மாகிட்டேருந்து வந்திருக்குமா?"

"வந்திருக்கலாம்க்கா."

"எங்கண்ணனுக்கும்?"

"இருக்கலாம். சோதிக்காம உறுதியாச் சொல்ல முடியாது."

கடைசி வாக்கியத்தை அம்மா காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. எழுந்து நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி பூக்காரரைக் கூப்பிட்டார். "அண்ணே, வந்து ஒக்காருங்க. எனக்கே இருக்குன்னு காட்டுது. நான் என்ன குடிக்கிறேனா? எங்கண்ணன் குடிச்சாரா?"

பூக்காரர் ஈரக் கையைக் கைலியில் துடைத்தபடி வந்தார். கூட்டாளியும் வந்தார். அவர்களுக்குப் பின்னால் அம்மாவின் கடைப் பெண்கள். நாற்காலி போதாமல் துணிக்கடை முக்காலிகளைத் தூக்கிவர ஓடினேன். அளவு நாடா இன்னும் என் கையிலேயே இருந்தது.