‘பங்காழி’ என்றொரு பிழை

மின்விசிறிக் காற்றில் புரூஃப் தாள் பறக்கப் பார்த்தது. அவன் கட்டைவிரலால் அமுக்கினான். விரல் நுனி வில்லாகப் பின்னால் வளைந்தது. எங்கப்பா விரல்! அப்போதுதான் தோன்றியது: மூன்று மாதமாக நான் பிடித்துப்போய்ப் பார்ப்பது இவனையா, எங்கப்பா சாடையையா?

விலங்கியல் முதுகலை முடித்துவிட்டு, சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். அவன் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்காக லேபிள் ஆர்டர் கொண்டுவருபவன். “ஒரு சங்குசக்கர லேபிள்ல அம்புட்டு நேரமா தப்புத் தேடுறீக?” என்று மெஷின் ஓட்டும் அண்ணன் என்னைக் கிண்டலடிப்பார்.

அன்று அவன் அமுக்கிப் பிடித்தது லேபிள் புரூஃப் இல்லை, அவர்கள் குலசாமிப் பொங்கலுக்கான நோட்டீஸ்.

“வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கிறேன். தப்பில்லாமப் பாத்துக்குடுங்க” என்று போனான்.

வாசித்தேன். எங்கள் சாமி. நாங்கள் விருதுநகருக்கு வந்தபின் போகாமல் விட்ட அதே கோயில். கீழே, ‘பங்காழிகள் அனைவரும் வருக.’ எங்கள் பக்கம் ழ-வை ள என்றே பேசிப் பழகியவர்கள், எழுதும்போது பயந்துபோய் நல்ல ள-வையும் ழ ஆக்கிவிடுவார்கள். ழ-வை அடித்து ள போட்டேன். அவனைப் பங்காளி ஆக்கியது என் சிவப்புப் பேனாதான். அப்போது வேறொன்றும் தோன்றவில்லை.

அவனைப் பிடித்திருக்கிறது, அவனுக்கும் நம் சாமிதான் என்று வீட்டில் அம்மாவிடம் சொன்னேன்.

“கூறுகெட்டவளே, ஒரே குலசாமின்னா பங்காளி. உனக்கு அண்ணன் முறைடி.”

“எத்தனை தலைமுறைக்கு முன்னாடி பிரிஞ்சதோ, ம்மா. ரத்தத்துல அத்தை மகன்தான் கிட்ட. அவனுக்கும் எனக்கும் எட்டுல ஒரு பங்கு ரத்தம் ஒண்ணு. அவனைக் கட்டலாமாம், இவனைக் கட்டக்கூடாதாமா?”

“அவன் முறை மாப்பிள்ளை. உன் எட்டையும் பத்தையும் கொண்டுபோய்க் குப்பையில போடு.”

டம்ளரைத் தள்ளிவைத்த அப்பாவின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பேருந்தில், செல்போனை அமுக்கும் விரல்களைக் கவனித்தேன். நாலு பேருக்கு அப்படித்தான் வளைந்தது. யாரும் எனக்குச் சொந்தமில்லை. விரலை வைத்து உறவு சொல்ல முடியாதென்று பரீட்சையில் எழுதியவள் நான். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் போல மனசு மரத்துக் கிடந்தது.

நாளை வெள்ளி. புரூஃபின் பின்பக்கத்தில் அப்பா, அவர் அப்பா, அவருக்கும் அப்பா என்று பெயர்களை எழுதிவைத்திருக்கிறேன். அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவன் பக்கத்தை அவனையே எழுதச் சொல்வேன். இரண்டு வரிசையும் ஒரே பெயரில் சேரவில்லையென்றால், தாளை அம்மா முன் வைப்பேன். சேர்ந்தால், ‘அண்ணே’ என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்க வேண்டும், வாய் வருகிறதா என்று.