எட்டாவது ஆள்

சரியாகப் பதினொன்று இருபதுக்கு என் மகளின் போன் அணைந்துபோகிறது. வானியலில் கிரகங்களின் பாதையைக் கணக்கிட்டுக்கொண்டிருந்து, பிறகு பொருளாதாரத்துக்கு மாறிய பிரெஞ்சுப் பேராசிரியர் ஒருவருக்கு அவள் மொழிபெயர்ப்பாளர். இருவரும் திருநகரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறார்கள். பத்து நிமிடப் பயணம். ஒரு மணி நேரமாகியும் காணோம். அவளைப் பார்க்கச் சென்னையிலிருந்து வந்த நான் கப்பலூர் டீக்கடையில் நிற்கிறேன். மறுபடி மறுபடி அவள் எண்ணுக்கு அடிக்கிறேன்.

"வழியில ஏதாவது விபத்தா?" என்று கடைக்காரரிடம் கேட்கிறேன்.

"அதெல்லாம் இல்லக்கா. எட்டுப் பேர் சேராம ஆட்டோவை எடுக்க மாட்டான். கலெக்டரே உக்காந்திருந்தாலும் எட்டாவது ஆளு வரணும்."

"அதுக்கு இவ்வளவு நேரமா?"

"எம்புட்டு நேரம்னாலும்."

மூன்றாவது டீக்கு ஆட்டோ வந்து நிற்கிறது. யாருடைய வாழைத்தாரையோ மடியில் வைத்தபடி பேராசிரியர் சிரிக்கிறார். மகள் குதித்து இறங்குகிறாள்.

"சார்ஜ் போயிருச்சும்மா. எந்தக் கிரகம் எப்ப எங்க நிக்கும்னு சாருக்குத் தெரியுமாம். இந்த ஆட்டோ எப்பக் கிளம்பும்னுதான் தெரியலையாம். நாளைக்கும் இதுலதான் வருவாராம்."