தோற்கத் தெரிந்த மனிதர்

கால்பந்து ரசிகனுக்கு நாற்காலியின் மேல் அப்படி என்ன விரோதமோ தெரியவில்லை. கோல் விழுந்தால் சந்தோஷத்தில் அதன் மேல் ஏறிக் குதிக்கிறான். விழாவிட்டால் ஆத்திரத்தில் எட்டி உதைக்கிறான். எந்த நாட்டு அணி ஜெயித்தாலும் உடைவது நாற்காலிதான். அறுபதாயிரம் பேர் உட்காரும் அந்த மைதானத்தில், உடைந்த நாற்காலியைக் கழற்றிப் புதியதை மாட்டி, ஒழுங்காக மடங்கி விரிகிறதா என்று தானே உட்கார்ந்து பார்த்துச் சரி சொல்கிற வேலை நம்மவருக்கு. அவரை எல்லோரும் நாற்காலிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்த மைதானத்தின் எல்லா இருக்கையிலும் உட்கார்ந்து எழுந்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் ஒரு ஆட்டத்தைக்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. ஆட்டம் நடக்கும்போது படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் கிடங்கில் நின்றுகொண்டு, மேலே கேட்கும் சத்தத்தை வைத்து இன்றைக்கு எத்தனை உடையும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

இது பிழைப்பு. இதைத் தவிர அவருக்கு இன்னொரு பதவியும் இருந்தது.

சர்வதேசப் போட்டி என்றால் எல்லாவற்றுக்கும் ஒத்திகை உண்டு. கோப்பை கொடுக்கிற விழாவுக்கும் உண்டு. யார் எந்தப் பக்கம் மேடை ஏறுவது, எங்கே கைகுலுக்குவது, எங்கே நின்றால் கேமராவில் முகம் விழும் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே நடத்திப் பார்ப்பார்கள். அதற்கு நிஜக் கேப்டன்களா வருவார்கள்? கையில் அகப்பட்ட ஊழியர்களைத்தான் பிடித்து நிறுத்துவார்கள். விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் எலெக்ட்ரீஷியனுக்குக் 'கரண்டு' என்று பெயர். அவர் ஜெயித்த கேப்டன். கேன்டீன் அம்மாள் கோப்பையைக் கொடுக்கும் தலைவர். கோப்பைக்குப் பதில், அதே எடை வரும்வரை மணலை அடைத்துத் தங்க நிறம் பூசிய ஒரு பெயின்ட் டப்பா. நாற்காலிக்காரர் தோற்ற கேப்டன்.

தோற்றவனுக்கு வேலை கொஞ்சம்தான். முதலில் மேடை ஏறி வெள்ளிப் பதக்கத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். கோப்பைக்குப் பக்கத்திலேயே நடந்து போக வேண்டும், ஆனால் தொடக்கூடாது. இறங்கிப் போய்விட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அதை நாற்காலிக்காரர் செய்தால் பார்க்கிறவர்களுக்கு மனசு கேட்காது. டப்பாவுக்கு நேராக வரும்போது ஒரு கணம் கால் தயங்கும். திரும்பிப் பார்க்கமாட்டார், பார்க்காமல் இருக்க அவர் படுகிற பாடு மட்டும் கடைசி வரிசைக்கும் தெரியும். முதல் தடவை பார்த்துவிட்டுக் கேன்டீன் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாற்காலி சார், உங்களை மாதிரி தோக்குறதுக்கு உலகத்துலயே ஆள் கிடையாது," என்றார் விழாவை நடத்துகிற மேடம். பாராட்டுதான். ஆனால் அந்தப் பாராட்டோடு சேர்த்து ஆளைக் கட்டிப்போட்டுவிட்டார். போட்டிக்குப் போட்டி கரண்டு ஜெயித்துக்கொண்டே இருந்தார், நம்மவர் தோற்றுக்கொண்டே இருந்தார்.

அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வீட்டில் மாமனார் மட்டும் இல்லாதிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மாமனார் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மனிதர்களில் பாதிப் பேர் டிக்கெட் எடுக்காதவர்கள், மீதிப் பேர் எடுத்ததைத் தொலைத்தவர்கள் என்பது அவருடைய முடிவு. தோல்வி என்பது அவருக்கு ஒத்துக்கொள்ளாத சமாச்சாரம். பேத்தியோடு கேரம் ஆடுவார். தோற்கப்போகிற நேரம் பார்த்து முழங்கை தட்டிக் காய்கள் கலைந்துவிடும். மருமகனோடு நேரடியாகப் பேசுகிற வழக்கமும் கிடையாது. மருமகன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் மகளைப் பார்த்துத்தான், "உன் வீட்டுக்காரருக்கு இன்னிக்கு லீவா?" என்பார்.

ஒருநாள் அப்படித்தான் கேட்டார். "உன் வீட்டுக்காரர் அந்த மைதானத்துல அப்படி என்னதான் கிழிக்கிறாரு?"

மகளுக்கு அன்றைக்கு என்ன எரிச்சலோ. "கோப்பையைத் தூக்குறதே அவர்தான்ப்பா. ஒத்திகையில அவர் தூக்கிக் காட்டினாத்தான் மத்தவங்களுக்கே எப்படித் தூக்குறதுன்னு தெரியும்," என்று பட்டென்று போட்டுவிட்டாள்.

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நாற்காலிக்காரருக்குப் புரையேறியது. இருமி முடித்து உண்மையைச் சொல்வதற்குள் மாமனார், "ஓஹோ" என்றார். அந்த ஓஹோவில் ஒரு துளி மரியாதை இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பக்கமிருந்து அவருக்குக் கிடைத்த முதல் துளி. அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. பேசாமல் இருந்துவிட்டார்.

பொய் அப்படியே வருஷக்கணக்கில் சௌக்கியமாக வளர்ந்தது. இந்த முறைதான் மேடம் வில்லங்கம் பண்ணினார். கைதட்டல் சத்தம் ஒலிபெருக்கியோடு எப்படிக் கலக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். கடைசி ஒத்திகைக்கு ஊழியர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வரலாம் என்றார்.

"நானும் வரேன். பார்த்துடலாம்," என்றார் மாமனார். டிக்கெட்டைக் கேட்கிற அதே குரல். நாற்காலிக்காரருக்குக் கையும் களவுமாகப் பிடிபடுவதைப் பற்றிக்கூட அவ்வளவாகக் கவலையில்லை. அந்த ஒரு துளி போய்விடுமே என்பதுதான் தாங்கவில்லை.

"ஏங்க, ஒரு தடவை ஜெயிக்க முடியாதா உங்களால?" என்றாள் மனைவி, தான் மூட்டிய நெருப்பு என்கிற நினைப்பே இல்லாமல்.

முதலில் அவர் கண்டுபிடித்த வழி, மோசமாகத் தோற்பது. அப்படித் தோற்றால் மேடம் கோபித்துக்கொண்டு பதவியைப் பிடுங்கிவிடுவார் அல்லவா? அடுத்த ஒத்திகையில் ஈயென்று இளித்துக்கொண்டே மேடை ஏறினார். "அடடா! வலியை மறைச்சுக்கிட்டு ஒரு சிரிப்பு! இதையே வெச்சுக்கோங்க," என்றார் மேடம். மறுநாள் விறைத்துக்கொண்டு, டப்பாவை முறைத்துக்கொண்டு போனார். "பாருங்க எல்லாரும், இதுதான் ரோஷம்!" என்று கைதட்டினார். மனிதருக்கு எப்படித் தோற்றாலும் நன்றாகத்தான் வந்தது.

வேறு வழியில்லாமல் கரண்டிடம் போய் நின்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கரண்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு, "சரிப்பா, அன்னிக்கு எனக்கு முதுகு பிடிச்சுக்குது. நீ தூக்கிக்கோ," என்று பெரிய மனசு பண்ணினார்.

ஒத்திகை நாள் வந்தது. மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் மகள், பேத்தி. மேடம் மைக்கைத் தட்டினார். பேச்சு மாறாமல் கரண்டு, "ஐயோ அம்மா!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கொஞ்சம் தூக்கலாகவே நடித்துவிட்டார் போல. முதலுதவிக் குழு ஒன்று ஓரமாகக் காத்திருந்தது. மைதானத்துக்கு வந்த நாளிலிருந்து ஒரு கொசுக்கடிகூட அவர்களிடம் வந்ததில்லை. ஸ்ட்ரெச்சரோடு பாய்ந்து வந்தார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்லப்பா, விடுங்கப்பா!"

"வலி ஜாஸ்தியானா இப்படித்தான் சொல்லுவாங்க," என்று பட்டையைப் போட்டு இறுக்கி, ஆளை ஆம்புலன்ஸில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள்.

"நாற்காலி சார், அப்ப நீங்க ஜெயிச்ச கேப்டன் இடத்துல நில்லுங்க," என்றார் மேடம். நம்மவர் காதில் தேன் பாய்ந்தது. ஆனால் தோற்க ஆள் வேண்டுமே. மேடம் கூட்டத்தைப் பார்த்து மைக்கில், "குடும்பத்துல யாராவது ஒருத்தர் கேப்டனா நிக்க வரீங்களா?" என்றார். எந்தக் கேப்டன் என்று சொல்லவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது.

கேள்வி முடிவதற்குள் மாமனார் மேடைப் படியில் நின்றார்.

வெள்ளிப் பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பரவாயில்லை என்பதுபோல் மாட்டிக்கொண்டார். நாலு எட்டு வைத்தார், டப்பாவுக்கு நேராக வந்தார், இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தலைக்கு மேலே ஒரே தூக்காகத் தூக்கிவிட்டார். கூட்டம் கைதட்டியது. பேத்தி நாற்காலியில் ஏறிக் குதித்தாள்.

"ஐயா, கீழ வைங்க! நீங்க தோத்துட்டீங்க!" என்று மேடம் ஓடிவந்தார்.

"யாரு சொன்னா?"

"இது ஒத்திகைங்கய்யா. சும்மாதான்."

"சும்மா நடக்கிறதுலயே தோத்தா அப்புறம் எங்கம்மா ஜெயிக்கிறது? ஸ்கோர் எவ்வளவு? காட்டுங்க."

மறுபடி ஏற்றினார்கள். மறுபடி தூக்கினார். மூன்றாம் முறை, கையைக் கட்டிக்கொண்டு நடங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். டப்பாவுக்குப் பக்கத்தில் வந்ததும் கட்டு தானாக அவிழ்ந்தது. தூக்கியதோடு விடாமல் இந்த முறை அதற்கு ஒரு முத்தமும் கொடுத்தார். பின்னால் நின்றிருந்த நாற்காலிக்காரர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு மனைவி குலுங்குவது அவருக்குத் தெரிந்தது.

மேடத்தின் பொறுமை அத்தோடு முடிந்தது. "நாற்காலி சார், நீங்களே வந்து நடந்து காட்டுங்க," என்று மைக்கிலேயே சொன்னார். "ஐயா, இவரை நல்லாப் பாருங்க. இத்தனை போட்டியிலயும் தோத்த கேப்டன் இவர்தான். ஒரு தடவைகூடக் கோப்பையைத் தொட்டதே கிடையாது."

அறுபதாயிரம் இருக்கைக்கும் கேட்கிற மாதிரி பொருத்திய ஒலிபெருக்கிகள். தொட்டதே கிடையாது, தொட்டதே கிடையாது என்று நாலு மூலையிலிருந்தும் வந்தது. மாமனார் டப்பாவைப் பிடித்தபடி மருமகனைப் பார்த்தார்.

நாற்காலிக்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. எங்கேயாவது ஓடிவிடலாம் என்றிருந்தது. ஓட முடியாது, நடக்கத்தான் சொல்லியிருக்கிறார்கள். படி ஏறினார். பதக்கத்தை வாங்கிக்கொள்வதுபோல் தலையைக் குனிந்தார். மாமனாரையும் டப்பாவையும் தாண்டி, இரண்டையும் பார்க்காமல் நடந்தார். இத்தனை வருஷமும் செய்தது நடிப்பு. அன்றைக்கு நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மனைவியின் சிரிப்புகூட நின்றுவிட்டது.

"பார்த்தீங்களாய்யா? இப்படித்தான்," என்றார் மேடம்.

மாமனார் டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தார். பதக்கத்தைக் கழற்றி அதன் மேல் வைத்தார். இறங்கி, வாசலைப் பார்த்து நடந்துவிட்டார்.

தோற்ற கேப்டனாக ஒரு காவலாளியை நிறுத்தி ஒத்திகையை நடத்தி முடித்தார்கள். நாற்காலிக்காரர் தன் வாழ்நாளில் முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கினார். எதிரே முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக மடங்கிக் கிடந்தது. கூட்டத்தின் கைதட்டல் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் மாமனார் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். மகளிடம்கூட எதுவும் கேட்கவில்லை. "மாமா," என்று நாற்காலிக்காரர் இரண்டு முறை ஆரம்பித்தார். இரண்டு முறையும் பஸ் ஹாரன் அடித்தது, அல்லது அடித்ததாக மாமனார் வைத்துக்கொண்டார்.

தெருமுனையில் இறங்கினார்கள். அங்கே ஒரு சலூன். மாமனார் தினமும் காலையில் பேப்பர் படிக்கப் போகிற இடம். நாற்காலிக்காரர் அதன் பக்கம் போனதே இல்லை. இவர்களைப் பார்த்ததும் சலூன்காரர் கத்திரிக்கோலோடு வெளியே வந்தார்.

"அட, கேப்டன்! வாங்க, வாங்க!"

நாற்காலிக்காரர் யாரைச் சொல்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"உங்களைத்தாங்க! உங்க மாமா வாயைத் திறந்தா உங்க கதைதான். 'எங்க மாப்பிள்ளை தொட்டுக் கொடுத்த அப்புறம்தான் நிஜக் கேப்டனே கோப்பையைத் தொடுவான்'னு கடையில ஒருத்தனை நிம்மதியா ஷேவ் பண்ண விடமாட்டாரு."

நாற்காலிக்காரர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் மின்கம்பத்தைப் பார்த்தார். வீட்டில் ஒரு துளியாகச் சொட்டியது இங்கே குழாயாகக் கொட்டியிருக்கிறது. சந்தோஷப்படுவதா அழுவதா என்று நம்மவருக்குத் தெரியவில்லை.

உள்ளேயிருந்து பாதித் தாடியோடு ஒருவர் எட்டிப் பார்த்தார். இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

"இன்னிக்கு நேர்லயே பார்த்துட்டு வரீங்க. சொல்லுங்க பெரியவரே," என்றார் சலூன்காரர். "கோப்பையை யாரு தூக்கினது?"

தூக்கியது அவர்தான். ஒரு தடவையல்ல, மூன்று தடவை. முத்தமும் கொடுத்திருக்கிறார், கூட்டம் கைதட்டியிருக்கிறது. சாட்சிக்கு மகளும் பேத்தியும் பக்கத்திலேயே நிற்கிறார்கள். பேத்தி பெருமையாக வாயைத் திறந்தாள். மாமனார் அவள் தோளில் கையை வைத்து அழுத்தினார்.

"இதென்ன கேள்வி?" என்றார். "எங்க மாப்பிள்ளைதான் தூக்கினாரு. நான் தொடக்கூட இல்ல."

சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், சலூனைத் தாண்டி வீட்டை நோக்கி நடந்தார். நாற்காலிக்காரர் பின்னாலேயே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நடையை மேடம் மட்டும் பார்த்திருந்தால், நம்மவருடைய பதவி அன்றைக்கே போயிருக்கும்.