ஏழு சர்வாதிகாரிகள்

1. பகல் பன்னிரண்டு மணி

"ஏலே, சர்வாதிகாரின்னு எழுத ஒனக்கு ஆரு சொன்னது?"

சூப்பிரண்டு சார் கேட்டபோது நான் தரையில் உட்கார்ந்து பிரஷைத் தின்னரில் கழுவிக்கொண்டிருந்தேன். தக்கலைப் பக்கத்தில் ஒரு பழைய அரசு அலுவலகம் அது. ராஜா காலம் முதல் இந்தப் பகுதியை ஆண்ட அதிகாரிகளின் பெயர்களை வரிசையாக எழுதிய பலகையை, அன்று நாலு மணிக்கு அமைச்சர் திறந்துவைக்க இருந்தார். எழுதியவன் நான். இருபத்தைந்து வருடமாகப் பெயிண்டர். படிப்பு அஞ்சாம் கிளாஸ். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பலகையின் மேலே முதல் ஏழு பெயர்களுக்கு எதிரே, பதவி என்ற கட்டத்தில், 'சர்வாதிகாரி' என்று ஏழு முறை வெள்ளை எனாமலில் மின்னியது.

"மந்திரி திரைய நீக்குவாரு. உள்ள ஏழு சர்வாதிகாரி நிப்பான். போட்டோ எடுத்து ஊரு முழுக்க விடுவானுவ. நான் பென்சன் வாங்க இன்னும் எட்டு மாசம் கெடக்கு மக்கா. அந்த ஏழு பேரையும் கறுப்பு அடிச்சு மூடு."

நான் தலையை ஆட்டினேன். ஆனால் கறுப்பு டப்பாவைத் திறக்கக் கை போகவில்லை.

2. பெயர்களோடு இருந்த நாட்கள்

அந்த ஏழு பேரோடு நான் ஒரு வாரம் இருந்திருக்கிறேன். ரெக்கார்டு ரூமில் செல்லரித்த மரப்பலகை ஒன்று கிடந்தது. எல்லாம் மலையாள எழுத்து, கொல்லம் வருடக் கணக்கு. ரெக்கார்டு பார்க்கும் லில்லி அக்காவுக்கு மலையாளம் தெரியும். அவர் வாசிக்க, நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பிறகு ஹாலில் தனியாக இருந்து எழுதினேன். வெளியே சாரல் மழை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பலாமரம். இலை அசையும்போது பலகையில் பச்சை வெளிச்சம் ஏறி இறங்கும். பெயரை எழுத எழுத அந்த ஆள் பக்கத்தில் வந்து நின்று, எழுத்து நேராக வருகிறதா என்று பார்ப்பது போல இருக்கும். ஒருவருக்கு நான் சுழித்த சுழி பிடித்துப்போன மாதிரிகூடத் தோன்றியது.

பழைய ஆட்களுக்குப் பெயருக்கு முன்னால் நிறைய இருந்தது: ஊர், வீடு, ராஜா கொடுத்த பட்டம். கீழே வர வர அது உதிர்ந்தது. அடுத்து, பேஷ்கார் என்ற பதவியில் இருந்தவர்கள் வந்தார்கள். ஐம்பத்தாறில் நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு கலெக்டர்கள். அவர்களுக்கு முன்னால் ஓர் இனிஷியல் மட்டும், மற்றதெல்லாம் ஐ.ஏ.எஸ். என்று பின்னால் போயிருந்தது. ராஜா காலத்தில் ஒருவர் எட்டு வருடம் இருந்திருக்கிறார். பிற்காலத்தில் ஒருவர் நாலே மாதம். நான் இரண்டு பேருக்கும் ஒரே அளவு எழுத்துதான் போட்டேன். நாலு மாதக்காரரை எழுதி முடித்தபோது மழை நின்றிருந்தது. அவரும் இப்படி ஒரு மழைக்கு வந்து போனவராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தப்பு நடந்தது முதல் நாளே. லில்லி அக்கா வாசித்த பதவி 'சர்வாதிகாரியக்காரர்'. சாக்பீஸ் தடவிய நூலால் நான் கோடு அடித்த கட்டம் 'கலெக்டர்' என்ற சொல்லுக்கு அளந்தது. பாதியிலேயே இடம் தீர்ந்துவிட்டது. தீர்ந்த இடத்தில் சொல்லும் தீர்ந்த மாதிரி தெரிந்ததால், அப்படியே விட்டுவிட்டேன்.

3. நாலு மணிக்குள்

ஒரு மணிக்கு அந்த அலுவலகத்தின் ஆபீசர் அம்மா வந்தார். வெளியூர்க்காரர், சின்ன வயது. பலகையைப் பார்த்துவிட்டு, "யாரு இவங்கல்லாம்?" என்றார்.

"அழிச்சிரலாம் மேடம். கலெக்டர்மார் மட்டும் போதும். இவங்கள ஆருக்கும் அறியாது," என்றார் சூப்பிரண்டு.

"அப்ப அழிச்சிடுங்க."

என்னால் வந்த தப்புக்கு ஏழு பேர் போகப் போகிறார்கள். இனி அவர்கள் பெயரை யாரும் எங்கேயும் எழுதப் போவதில்லை. மரப்பலகையைச் செல் தின்றுவிடும்.

"அழிக்காண்டாம்," என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "சொல்லு தப்பில்ல மேடம். தீரல்ல."

"தீரலைன்னா?"

சாக்பீஸை எடுத்துத் தரையில் 'சர்வாதிகாரி' என்று எழுதினேன். அதை ஒட்டி 'யக்காரர்' என்று எழுதினேன்.

வாசலில் நின்ற லில்லி அக்கா சிரித்துவிட்டார். "எனக்க கர்த்தாவே. வாலை வெட்டி விட்டுட்டியா மக்கா? மேடம், அது காரியக்காரரு. எல்லா காரியமும் பாக்கக்கூடிய ஆளு. ராஜா காலத்துல நம்ம சாரு மாதிரி உள்ளவங்களுக்கெல்லாம் மேல."

"என்ன எதுக்குட்டீ இதுல இழுக்க?" என்றார் சூப்பிரண்டு.

ஆபீசர் அம்மா குனிந்து தரையில் இருந்ததை இரண்டு முறை வாசித்தார். "இந்தக் கட்டத்துல எடம் இல்லையே."

நான் கட்டத்தின் அடியில் விரல் வைத்துக் காட்டினேன். அரை அங்குலம் இருந்தது.

"நாலு மணிக்குள்ள காயுமா?"

"காயும்."

ரெக்கார்டு ரூமில் இருந்த டேபிள் ஃபேனைச் சூப்பிரண்டு சாரே தூக்கிக்கொண்டு வந்தார். மெல்லிய பிரஷால் ஒவ்வொரு 'சர்வாதிகாரி'க்கும் கீழே 'யக்காரர்' என்று பொடியாக எழுதினேன். ஏழாவதை முடித்தபோது மூன்றேகால். கிட்டத்தில் நின்று பார்த்தால் இரண்டு அளவு எழுத்து ஒட்டுப்போட்டது தெரியும். தெரியட்டும் என்று விட்டேன்.

அமைச்சர் திரையை நீக்கினார், கை தட்டினார்கள், டீ குடிக்கப் போனார்கள். மேல் வரிகளை ஒருவரும் வாசிக்கவில்லை. நான் பின்னால் சுவரோரம் நின்று அந்த ஏழு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தேன். எல்லாரும் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு பலகை வேலைக்குப் போனால், எழுத வேண்டியதில் மிக நீளமான சொல் எது என்று முதலில் கேட்பேன். வெட்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் கேட்டுவிடுவேன். அந்தச் சொல்லை அளந்த பிறகுதான் மற்றவற்றுக்கு நூல் அடிப்பேன்.