யாரும் அடிக்காத கோல்

அச்சகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே கூப்பிடும்போது மட்டும் பின்னால் ஓர் ‘அக்கா’ சேர்ந்துகொள்ளும். பொருத்தமான பெயர்தான். பதினோரு வருஷம் ரயில் கால அட்டவணைக்கு மெய்ப்புத் திருத்தியவள் அவள். பக்கம் பக்கமாக எண்களைத் தவிர வேறொன்றும் இருக்காது. 6.04-க்குக் கிளம்பும் வண்டியை 6.40 என்று அச்சடித்துவிட்டால் முந்நூறு பேர் வண்டியைக் கோட்டைவிட்டு நடைமேடையில் நிற்பார்கள். அவள் திருத்திய பதினோரு வருஷத்தில் அப்படி யாரும் நின்றதில்லை.

பிறகு கால அட்டவணை வேலை வேறோர் அச்சகத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பதிலாக முதலாளி எங்கிருந்தோ ஒரு புதிய வேலையைப் பிடித்துவந்தார். உலகக் கால்பந்து ஆண்டுநூல். ஒரு வருஷத்தில் உலகத்தில் எந்தெந்த நாட்டில் எந்தெந்த அணிகள் ஆடின, யார் ஜெயித்தார்கள், யார் எத்தனை கோல் அடித்தார்கள், எத்தனை வாங்கினார்கள் எல்லாம் ஒரே புத்தகத்தில். அதற்கென்று ஓர் ஆசிரியரும் வந்தார். முப்பது வருஷம் பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதி ஓய்வு பெற்றவர். தொப்பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறிவந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வரும். அந்தக் கட்டடத்து லிஃப்ட் ஓடுவதில்லை. பூதக்கண்ணாடியின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். “அது எங்க கம்பெனி லிஃப்ட் இல்ல” என்று சொல்லி அவர் எட்டு வருஷமாகத் தப்பித்துக்கொண்டிருந்தார்.

கால்பந்து பற்றி ஏதாவது தெரியுமா என்று முதல் நாளே ஆசிரியர் அவளைக் கேட்டார்.

“பந்து உருண்டையா இருக்கும்னு தெரியும் சார்.”

“அது போதும்மா. மத்ததெல்லாம் அவங்கவங்க அபிப்பிராயம்” என்றார்.

இரண்டு கோணிச் சாக்கு நிறையக் கடிதங்கள் வந்திருந்தன. ஒவ்வொரு நாட்டுக் கால்பந்துச் சங்கத்துக்கும் ஆசிரியர் வருஷ ஆரம்பத்திலேயே எழுதிப்போட்டிருந்தார். சிலர் வழவழப்பான தாளில் முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்கள். சிலர் கார்பன் நகல் அனுப்பியிருந்தார்கள், எழுத்தெல்லாம் நீலப் புகை மாதிரி. ஒரு நாட்டிலிருந்து வந்த தாளில் மணல் ஒட்டியிருந்தது. உறையைப் பிரித்ததும் மேசையில் உதிர்ந்த அந்த மணலை அவள் உடனே துடைக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு எந்நேரமும் அதே நினைப்பு. காலையில் பல் துலக்கும்போது கணவரிடம் சொன்னாள்: “இந்த நிமிஷத்துல எங்கயோ ஒருத்தன் பந்தைத் துரத்திட்டு ஓடிக்கிட்டிருக்கான். நாம படுக்கிற நேரத்துல வேற ஒருத்தன் ஆரம்பிப்பான். வருஷம் பூரா நிக்கவே இல்லைங்க. ஒரு நிமிஷம்கூட.” அவர் வாய் நிறையப் பற்பசையோடு தலையை ஆட்டினார். அவர் வாரம் தவறாமல் மைதானத்துக்குப் போகிறவர். அவருக்கு இது புதிய செய்தி இல்லை. ஆனாலும் அவள் சொன்னபோது, ஏதோ இதுவரை கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்று தோன்றியதாகப் பிறகு சொன்னார்.

ஆஃப்சைடு என்றால் என்னவென்று ஆசிரியர் பேனா மூடியையும் அழிரப்பரையும் வைத்து மூன்று தடவை விளக்கினார். அவளுக்கு ஏறவில்லை. ஆனால் யாரும் சொல்லித் தராத ஒரு விஷயத்தை அவளே கண்டுபிடித்தாள். ஒருவன் அடிக்கும் ஒவ்வொரு கோலையும் இன்னொருவன் வாங்கித்தான் ஆக வேண்டும். ஆகவே ஒரு நாட்டுப் பட்டியலில் எல்லா அணிகளும் அடித்த கோல்களைக் கூட்டினால் வரும் எண்ணும், எல்லா அணிகளும் வாங்கிய கோல்களைக் கூட்டினால் வரும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆசிரியர் மூக்கைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். “முப்பது வருஷமா மேட்ச் பாக்குறேன். இதை ஒரு நாளும் கூட்டிப் பாத்ததில்ல” என்றார்.

அவள் கூட்டினாள். பனி கொட்டும் நாட்டுக்கும் கூட்டினாள், பாலைவன நாட்டுக்கும் கூட்டினாள். எட்டு அணி ஆடும் நாடு, இருபத்திரண்டு அணி ஆடும் நாடு, எல்லாமே சரியாக வந்தது. இரண்டு இடத்தில் எழுத்துக் கோப்பவர் செய்த தப்பு அகப்பட்டது, அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான பேர் சேற்றிலும் வெயிலிலும் விழுந்து எழுந்து ஓடியிருக்கிறார்கள். ஆனாலும் உலகத்தில் எங்கேயும் ஒரு கோல்கூடச் சிந்திப்போகவில்லை. அவளுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. யாரைக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

புத்தகத்தின் கடைசிப் பகுதியில் ஒரு தீவு நாடு வந்தது. எட்டு அணிகள். ஒவ்வொன்றுக்கும் பதினான்கு ஆட்டம். அந்தத் தாள் ஒரு ரொட்டிக்கடையின் பெயர் அச்சடித்த தாள். சங்கத்தின் செயலாளர்தான் கடைக்காரர். பட்டியலில் கடைசி அணி துறைமுகத்தைச் சேர்ந்தது. பதினான்கு ஆட்டமும் தோல்வி. வாங்கியது எண்பத்து மூன்று. அடித்தது சைபர்.

அந்தச் சைபரில் அவள் பென்சில் நின்றது. ஒரு வருஷம் முழுக்க ஓர் அணி ஒரு கோல்கூடப் போடாமல் இருக்குமா என்று ஆசிரியரிடம் கேட்டாள். இருக்கும், பாவம் என்றார் அவர்.

அவள் கூட்டிப் பார்த்தாள். அடித்தது 211. வாங்கியது 212. மறுபடி கூட்டினாள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே மூன்றாவது முறை கூட்டினாள். 211, 212. ஐம்பத்தாறு ஆட்டங்களின் முடிவுகளும் தனித்தாளில் வந்திருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பட்டியலோடு ஒப்பிட்டதில் ஓட்டை எங்கே என்று தெரிந்தது. சாம்பியன் அணி வருஷம் முழுக்கப் பத்துக் கோல் வாங்கியதாகப் பட்டியல் சொன்னது. ஆட்ட முடிவுகளைக் கூட்டினால் ஒன்பதுதான் வந்தது. ஆக, அந்தத் தீவிலேயே நுழைவதற்குக் கஷ்டமான வலைக்குள் ஒரு கோல் நுழைந்திருக்கிறது. அதை அடித்தவர் யாரும் இல்லை.

“ஒரு கோல்தானேம்மா, விடுங்க. பத்தை ஒன்பதாக்கிட்டா சரியாயிடும்” என்றார் ஆசிரியர்.

“வாங்குனவங்க வாங்கினேன்னு ஒத்துக்கிறாங்க சார். வாங்காத கோலை யாராவது வாங்கினேன்னு சொல்வாங்களா? அடிச்சவன் எங்கயோ இருக்கான்.”

அந்தத் தாளின் தலைப்பில் ரொட்டிக்கடையின் தொலைபேசி எண் இருந்தது. அச்சகத்து போனுக்குப் பூட்டு உண்டு, சாவி முதலாளியிடம். ஆசிரியர் போய் என்ன சொல்லி வாங்கினாரோ, சாவியோடு வந்தார். இங்கே காலை பத்து மணி என்றால் அங்கே சாயங்காலம் என்று கணக்குப் போட்டு, மறுநாள் பத்து மணிக்கு அவளே எண்களைச் சுழற்றினாள்.

முதலில் கடல் இரைவது மாதிரி ஒரு சத்தம். பிறகு மணி அடித்தது. எடுத்தது ஒரு பெண். பின்னால் தகரத் தட்டுகளை அடுக்கும் ஓசை கேட்டது. பூதக்கண்ணாடியின் ஆங்கிலம் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோன ஆங்கிலம். அந்தப் பெண்ணின் ஆங்கிலமும் ஏறத்தாழ அப்படித்தான். அதனால் இரண்டு பேருக்கும் நன்றாகப் புரிந்தது. செயலாளர் வெளியே போயிருக்கிறார், நான் அவர் மனைவி என்றாள் அவள். இவள் விஷயத்தைச் சொன்னாள். சாம்பியன் அணி வாங்கிய கோல் ஒன்று கூடுதலாக இருக்கிறது, அது யார் அடித்தது?

எதிர்முனையில் தகர ஓசை நின்றது. “ஐயோ, அதை எழுதாம விட்டுட்டாரா?” என்றாள் அந்தப் பெண்.

பிறகு அவள் சொன்னாள். அது வருஷத்தின் கடைசி ஆட்டம். துறைமுக அணி ஆறு கோல் வாங்கியிருந்தது. முடிய ஐந்து நிமிஷம். துறைமுக அணியின் பின்வரிசையில் ஒரு தபால்காரர் ஆடினார், நாற்பத்தொரு வயது. தன் அணியின் வலைக்குப் பக்கத்தில் சிக்கிய பந்தை எப்படியாவது தூரத் தள்ளினால் போதும் என்று ஓங்கி உதைத்தார். கடல் காற்று பந்தைத் தூக்கிக்கொண்டு போனது. எல்லாரும் தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பந்து மறு கோடியில் விழுந்து, ஒரே குதியாகக் குதித்து, முன்னால் வந்து நின்ற சாம்பியன் கோல்கீப்பரின் தலைக்கு மேலே போய் வலைக்குள் உட்கார்ந்தது.

தபால்காரர் உதைத்த இடத்திலேயே ஒற்றைக் காலில் நின்றாராம். அப்புறம் மொத்த ஊரும் மைதானத்துக்குள் பாய்ந்தது. சாம்பியன் அணியின் ஆட்களும் பாய்ந்தார்கள். முதலில் ஓடிவந்து தபால்காரரைத் தோளில் தூக்கியது கோல் வாங்கிய கோல்கீப்பர்தான். மேசையில் உட்கார்ந்து கோல்களை எழுத வேண்டிய செயலாளர் எல்லாருக்கும் முன்னால் கயிற்றைத் தாண்டிவிட்டார். தாள்கள் காற்றில் பறந்துவிட்டன. சாயங்காலம் புதிய தாளில் எழுதியபோது, வருஷம் பூரா அந்த அணிக்குச் சைபரே போட்டுப் பழகிய கை, பழக்கதோஷத்தில் இன்னொரு சைபரைப் போட்டுவிட்டது. சாம்பியன் கோல்கீப்பர் மட்டும் தன் அணியின் தாளில், வாங்கியது பத்து என்று ஒழுங்காக எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அப்படியானால் ஊரில் வேறு யாரும் எழுதி வைக்கவில்லையா என்று இவள் கேட்டாள்.

“எதுக்கு எழுதணும்? நாங்க எல்லாரும்தான் பாத்தோமே” என்றாள் அந்தப் பெண். பிறகு, எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டாள். இவள் நாட்டின் பெயரைச் சொன்னாள். கடல் இரைச்சலுக்கு மேலே அந்தப் பெண்ணின் குரல் உயர்ந்தது. “அவ்வளவு தூரத்துல இருந்தா இந்த ஒரு கோலைத் தேடிட்டு வந்தீங்க?”

போனை வைத்ததும் ஆசிரியரிடம் சொன்னாள். லட்சம் பேர் கூடிய இறுதி ஆட்டங்களைப் பார்த்து எழுதிய மனிதர் அவர். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் இரண்டு பேருமாக மாடி இறங்கினார்கள். அந்தப் பக்கத்துக்கான தகடு அச்சு இயந்திரத்தில் ஏறிவிட்டிருந்தது.

இயந்திரக்காரர் முடியவே முடியாது என்றார். ஓர் எண்ணுக்காகத் தகட்டை மாற்றுவதாக இருந்தால் இன்றைக்கு ஒரு வேலையும் ஓடாது, வேறு ஆளைப் பாருங்கள் என்றார். அவர் கத்தி முடிக்கும்வரை பூதக்கண்ணாடி காத்திருந்தாள். பிறகு தபால்காரர் கதையைச் சொன்னாள். பந்து காற்றில் ஏறும் இடம் வந்தபோது இயந்திரக்காரரின் பார்வையும் மெல்ல மேலே போனதை ஆசிரியர் கவனித்தார். கதை முடிந்ததும் இயந்திரக்காரர் மையைத் துணியில் துடைத்துவிட்டுத் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தார். அவள் மேலே போய், அந்தப் பக்கத்தில் சைபர் இருந்த இடத்தில் 1 என்று வெட்டி ஒட்டினாள். புதுத் தகடு ஏறியது.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் மகள் பள்ளிக்கூடத்து வரைபடப் புத்தகத்தில் அந்தத் தீவைத் தேடிக் கண்டுபிடித்தாள். பெருங்கடலின் நடுவே ஒரு புள்ளி. அச்சுப் பிசிறு என்று நினைத்து அம்மா அதை நகத்தால் சுரண்டப் பார்த்தாள். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, அதுக்குள்ள ஆள் இருக்காங்க.” கணவரும் சேர்ந்து மூன்று பேரும் அந்தப் புள்ளியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் ஒரு துறைமுகம், ஒரு ரொட்டிக்கடை, எட்டு அணிகள், கயிறு கட்டிய ஒரு மைதானம்.

புத்தகம் வந்ததும் தீவுக்கு ஒரு பிரதி போனது. ஐந்து மாதம் கழித்து ரொட்டிக்கடைப் பெண்ணிடமிருந்து பதில் வந்தது. தபால்காரர் அந்தப் புத்தகத்தைக் கடிதப் பையிலேயே வைத்திருக்கிறாராம். ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிய பிறகுதான் கடிதத்தைக் கையில் தருகிறாராம். தபால் தாமதமாக வருவது பற்றி ஊரில் யாரும் புகார் சொல்வதில்லையாம். ஆசிரியர் அதை எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். இயந்திரக்காரர் மறுபடி படிக்கச் சொன்னார்.

அந்த மாதம்தான் பூதக்கண்ணாடி முதல்முறையாக மைதானத்துக்குப் போனாள். கணவர் கூப்பிட்டார், போனாள். சாதாரண ஆட்டம், பாதிக்குமேல் இருக்கைகள் காலி. புல் இவ்வளவு பச்சையாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. முக்கால் மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஒருவன் எங்கிருந்தோ ஓடிவந்து தலையால் இடித்தான். வலை ஒரு மூச்சு மாதிரி உப்பித் தணிந்தது. உட்கார்ந்திருந்த பலகை வழியாக அந்தச் சத்தம் அவள் முதுகுத்தண்டில் ஏறியது. முன்பின் தெரியாத ஒரு பெண் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கணவர் துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்திருக்கவில்லை. அந்த ஆண்டுநூலில் அவள் கூட்டிய கோல்கள் எழுபதாயிரத்துக்கு மேல். ஒவ்வோர் எண்ணையும் பென்சிலால் தொட்டுத் தொட்டுக் கடந்திருக்கிறாள்.

“ஏங்க,” என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள், “ஒவ்வொண்ணும் இப்படித்தான் இருந்திருக்குமா?”

அவர் மூச்சு வாங்க உட்கார்ந்தார். “இது சுமார்தான்” என்றார்.