எதையும் கேட்காத ஜெபம்

கல்யாணத்துக்கு முன் எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது. அம்மா வீட்டில் மாரியம்மன் படத்துக்கு விளக்கேற்றுவோம், அவ்வளவுதான். இலங்கை மலையகத்தில் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு ஞானஸ்நானம் எடுத்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர்தான் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவிக்கொண்டு பாய் விரித்து உட்காருவார். அவர் சொல்லச் சொல்ல நானும் மகளும் பின்னால் சொல்வோம். காய்ச்சல் விட வேண்டும், நாங்கள் இருக்கும் லயத்து வீட்டுக் கூரை இந்த மழைக்குத் தாங்க வேண்டும், மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும். கேட்பதற்குப் பெயர்தான் ஜெபம் என்று நினைத்திருந்தேன்.

மகள் கடைக்கு வேலைக்குப் போய்ப் பார்த்தாள், சரிவரவில்லை. என்னோடு கொழுந்து பறிக்க வந்துவிட்டாள். ஒரு நாள் மேல் மலையில் பறித்துக்கொண்டிருந்தபோது குளவிக்கூடு கலைந்தது. எல்லோரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடினோம். அவள் கால் தடுக்கித் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தாள். நான் திரும்பி ஓடி, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அவள்மேல் போர்த்தி, மேலே படுத்துக்கொண்டேன். என்னையும் கொட்டின. ஆஸ்பத்திரிக்கு லொறியில் போகும் வழியெல்லாம் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்கும் முன்பே அவள் போய்விட்டாள். நான் பிழைத்துக்கொண்டேன்.

அடக்கம் முடிந்த பிறகு வீட்டுக்காரர் பாய் விரிக்கவில்லை. நான் விரித்தேன். அவர் எழுந்து வெளியே போனார்.

"நீ ஜெபம் பண்ணு. என்னையக் கூப்பிடாத," என்றார்.

"எனக்கு ஒங்க பின்னாடி சொல்லித்தான் பழக்கம்ங்க."

"எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல."

அன்றிலிருந்து சபைக் கோயிலுக்குத் தனியாகப் போனேன். போதகர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். ஆராதனை முடிந்ததும் அவரிடம் கேட்டேன்.

"ஐயா, லொறியில அவ்வளவு கெஞ்சுனேனே, அது ஆண்டவருக்குக் கேக்கலையா?"

ஏதாவது வசனம் சொல்வார் என்று நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குத் தெரியலம்மா. தெரிஞ்ச மாதிரி ஒங்ககிட்ட பேசக்கூடாது," என்றார்.

அந்தப் பதில் ஆறுதலாக இல்லை. ஆனாலும் அடுத்த முறையும் போனேன். வீட்டில் தனியாக உட்கார்ந்தபோது என்ன சொல்வதென்று தெரியவில்லை. கேட்க இனி ஒன்றுமில்லை. அன்றைக்கு நடந்ததை மட்டும் சொன்னேன். இன்றைக்குப் பனி, விரல் விறைத்துப்போனது, அவளுடைய சட்டையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்றேன். இந்த வயதில் நான் கற்றுக்கொண்ட ஜெபம் அது. அதனால் மனம் லேசாகிவிட்டது என்று சொன்னால் பொய்.

சபையில் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கொழும்புக்குப் போய்விட்டன. பெண்கள் கூட்டத்தை நடத்த ஆளில்லாமல் என்னிடம் விட்டார்கள். பிள்ளை தங்காமல் தவித்த ஒரு பெண் மாமியாரோடு அங்கே வந்து கேட்டாள்.

"அக்கா, விடாம ஜெபம் பண்ணுனா குடுப்பாருல்ல?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"குடுப்பாருன்னு என்னால சொல்ல முடியாது தங்கச்சி. வா, நாம ஒக்காருவோம்."

அவள் கொஞ்சநேரம் அழுதாள். அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. அவள் மாமியாரும் வரவில்லை.

வீட்டுக்காரருக்கு இப்போது நெஞ்சில் சளி. தொழிற்சாலைக்குப் போவதில்லை. குளிருக்கு வெளியே போக முடியாததால், நான் ஜெபிக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். போன வாரம் அப்படியே படுத்தபடி கேட்டார்.

"யாராச்சும் கேக்குறாங்களா?"

"தெரியலங்க."

"தெரியாமலேயா தெனமும் பேசுற?"

"ஆமாங்க."

அவர் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டார். நான் விட்ட இடத்திலிருந்து பேசினேன். அவருடைய இருமல் இரண்டு நாளாகக் கூடியிருப்பதைச் சொன்னேன்.