பால் காய்ச்சாத வீடு

புது வீட்டுக்குக் குடிவந்த பிறகும் நாங்கள் பழைய லயத்து ஒற்றை அறைக் காம்பராவில்தான் சோறு ஆக்கினோம். ஆக்கிய சோற்றைத் துணியால் சுற்றி நான் தூக்க, குழம்புச் சட்டியை அப்பா தூக்க, தேயிலைக்கு நடுவே போகிற வழுக்குப் பாதையில் மேட்டு வீட்டுக்கு ஏறுவோம். மழை வந்தால் ஒரு கையில் குடை வேறு. டிக்கோயாவில் எப்போதுதான் மழை வரவில்லை? எத்தனையோ தரம் ரசத்தை என் செருப்புக்குத்தான் பரிமாறியிருக்கிறேன்.

"வந்துட்டாங்கப்பா, சோத்து ஊர்வலம்!" என்று வாசலில் நின்று கத்துவார் பக்கத்துக் காம்பராப் பெரியம்மா. "புது வீட்டு அடுப்புக்கு என்ன காய்ச்சலா? ஏன் புள்ள இப்பிடி லோல்படுறீங்க?"

அடுப்புக்குக் காய்ச்சல் இல்லை. அடுப்பு அம்மாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. புது வீட்டில் முதலில் பால் காய்ச்ச வேண்டும், அது பொங்கி வழிய வேண்டும், அதற்குப் பிறகுதான் வேறெதுவும் அந்த அடுப்பில் ஏறலாம். எங்கள் தோட்டத்தில் தமிழரும் அப்படித்தான், கீழே சந்தியில் இருக்கிற சிங்களவரும் அப்படித்தான். அந்தப் பாலை அம்மாதான் காய்ச்ச வேண்டும் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். அம்மாவோ குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தார்.

நான் மட்டக்களப்புக்குக் கம்பஸ் படிக்கப் போன வருடம் அம்மா போனது. இரண்டு வருட ஒப்பந்தம் என்றார்கள். அது முடிகிற நேரம் கொரோனா வந்து விமானம் நின்றது. அதற்குப் பிறகு அந்த வீட்டு மெடத்துக்குச் சுகமில்லை, விடமாட்டேன் என்றார். இப்படியே ஒன்று மாற்றி ஒன்று. நான் படித்து முடித்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாடகப் பாட ஆசிரியையாகி, அம்மா கனவு கண்ட தனி வீடும் வந்துவிட்டது. அம்மா மட்டும் வரவில்லை. குடிவராவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும் என்று தோட்டத்தில் சொன்னதால்தான், பால்கூடக் காய்ச்சாமல் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஏறினோம்.

"அவ இல்லாம என்ன குடிபோறது?" என்றார் அப்பா. "சும்மா சாமான் வச்சிருக்கோம், அவ்வளவுதான்."

நான் விடவில்லை. என் அறையில் ஒரு கரண்டுக் கேத்தலை ஒளித்து வைத்துத் தேத்தண்ணி போட்டேன். வாசத்தில் பிடிபட்டேன்.

"அது அடுப்பு இல்லப்பா, கரண்டு."

"சூடு சூடுதானே, புள்ள?" என்றார். கேத்தலும் லயத்துக்கு இறங்கியது. இந்த மனிதரோடு எந்தக் கோர்ட்டில் வழக்காடுவது?

என் அறை என்றேன் அல்லவா, அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகவே நாளாயிற்று. காம்பராவில் எனக்கென்று இருந்தது ஒரு ஆணி, அதில் ஒரு பை. இங்கே ஒரு கதவு, அதற்குத் தாழ்ப்பாள், ஜன்னல், ஜன்னலடியில் தையல் மெஷின். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பத் திறந்து வைப்பேன். சுவரில் சிமெந்து வாசம் போகவே இல்லை. மிளகாய் வறுக்கிற நெடி, வெங்காயம் தாளிக்கிற வாசம் என்று எதுவும் ஏறாத வீடு அது. அதற்குள் நுழையும்போதெல்லாம் எனக்கு அம்மா வேண்டும் போலிருக்கும். வேலைக்குப் போகிற, ஒரு வகுப்பையே அதட்டி உட்கார வைக்கிற நான், பையைக் கீழே வைத்தவுடன் 'அம்மா' என்று வாய்விட்டுச் சொல்வேன். யாருக்கும் கேட்காது என்கிற தைரியம்தான்.

குடிவந்த மாதத்திலேயே முதுமாணிப் பட்ட வகுப்பும் தொடங்கியது. மேடை உடையமைப்பு. வார இறுதியில் கொழும்பில் வகுப்பு, அட்டனில் முதல் பஸ் பிடிக்க வேண்டும்.

"தையல் படிக்கவா கொழும்பு வரைக்கும் போற?" என்றார் பெரியம்மா. "அட்டன் டவுன்ல ரெண்டு டெய்லர் சும்மாதான உக்காந்திருக்கான்!"

"தையல் இல்ல பெரியம்மா. நாடகத்துல வர்றவங்களுக்கு உடுப்பு."

"அப்ப வேசங்கட்டப் படிக்கப் போறேனு சொல்லு. அதுக்கு ஒரு பட்டம் வேறயா, கடவுளே!"

உண்மையில் அவர் சொன்னது தப்பில்லை. வேடம் கட்டத்தான் படித்தோம். ஆனால் முதல் வேலையாக வேடமே கட்டவிடவில்லை. நமக்கு நெருங்கிய ஒருவர் உடுத்திப் பழசான ஒரு துணியைக் கொண்டு வரச் சொன்னார்கள். யாருடையதென்று சொல்லக்கூடாது. மேசையில் வைக்க வேண்டும், மற்றவர்கள் பார்த்து, உடுத்தியவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல வேண்டும்.

நான் அம்மாவின் அளவு ஜாக்கெட்டைக் கொண்டு போனேன். டெய்லரிடம் அளவுக்கென்று கொடுக்கிற ஜாக்கெட் எல்லா வீட்டிலும் ஒன்று இருக்குமே, அதுதான். தீபாவளிக்குத் தீபாவளி அட்டனுக்குப் போய் வந்த கத்தரிப்பூ நிற ஜாக்கெட். குவைத்துக்குப் புறப்படுகிற அன்று அதை ஒரு சொப்பிங் பையில் சுற்றி என் கையில் கொடுத்து, "எது தச்சாலும் இந்த அளவுலயே தச்சு வை, வந்து போட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வகுப்பில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நெற்றியில் கயிறு மாட்டித் தேயிலைக் கூடை சுமந்தவருக்கு முதுகுப்பக்கம் எப்படித் தேயும் என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்? ஆனாலும் முதுகுத் தையலைத் தொட்டு, பாரம் தூக்கியவர் என்றார்கள். அக்குளில் திரும்பத் திரும்ப ஒட்டுப்போட்டிருப்பதைக் காட்டி, புதுத் துணியை வீட்டில் மற்றவர்களுக்குக் கொடுத்தவர் என்றார்கள். அப்போது ஒரு சிங்களப் பெண், நல்ல பிள்ளைதான், ஜாக்கெட்டை மெதுவாக மடித்து வைத்துவிட்டு, "இவர் தைரியமான அம்மாவாக இருந்திருப்பார், பாவம்" என்றாள்.

"இருந்திருப்பார் இல்ல, இருக்காங்க!" என்று நான் தமிழில் கத்திவிட்டேன். பிறகு சிங்களத்திலும் சொன்னேன். "குவைத்தில் இருக்கிறார். உயிரோடு, சுகமாக இருக்கிறார்!" அந்தப் பெண் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அந்த ஜாக்கெட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதெல்லாம் நானும் செத்துப்போனவரின் துணியைப் போலத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்று பஸ்ஸில் கினிகத்தேனை வளைவுகள் வரும் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

அந்தப் பருவத்து வேலையாக, ஒரு குறிப்பிட்ட ஆள் ஒரு குறிப்பிட்ட நிகழ்வில் அணியும் உடையை வடிவமைத்துத் தைக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் ராஜா, மந்திரி, பேய் என்று கிளம்பினார்கள். நான் புது வீட்டில் பால் காய்ச்சும் ஒரு பெண்ணுக்கு ஜாக்கெட் என்று எழுதிக் கொடுத்தேன். ஆளை நேரில் நிறுத்தி அளவு எடுத்தாயா என்று விரிவுரையாளர் கேட்டார். ஆள் வெளிநாட்டில் இருக்கிறார், அளவு ஜாக்கெட் இருக்கிறது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வகுப்பில் கற்றுக் கொடுத்ததே உடம்பை அளக்க வேண்டும், துணியை அளக்கக் கூடாது என்பதுதான்.

அதனால் போனில் கேட்டேன். அம்மா வீடியோவில் வந்தால் முகம் மட்டும்தான் தெரியும். தலையில் துணி, பின்னால் பளபளவென்று யாருடையதோ சமையலறை.

"அம்மா, ஒரு நூலை மார்பைச் சுத்திப் புடிச்சு அளவு சொல்லுங்க."

"அடி போடி, இவ ஒருத்தி. பழைய அளவுதான். நா என்ன மாறிட்டேனா?"

"ஒருக்கா அளந்து பாருங்களேன்."

"மெடம் கூப்புடுது, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார். எனக்கும் அதை நம்பத்தான் ஆசையாக இருந்தது. பழைய அளவிலேயே வெட்டினேன். அரக்கு நிறப் பட்டு, கையில் மெல்லிய கரை, முதுகுப்பக்கம் இரட்டைத் துணி. வாழ்க்கையில் அவ்வளவு நேர்த்தியாக எதையும் தைத்ததில்லை. வகுப்பிலும் நன்றாக இருக்கிறதென்றார்கள். கொண்டுவந்து அதே சொப்பிங் பையில் வைத்தேன்.

அம்மா வருகிறார் என்று ஒருநாள் செய்தி வந்தது. அப்பா அன்றே விறகு பிளந்து புதுச் சமையலறையில் அடுக்கத் தொடங்கிவிட்டார். காய்ந்த விறகையே திரும்ப வெயிலில் போட்டுத் திரும்ப அடுக்கினார். வேறென்ன செய்வார் பாவம்.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வேன் வந்து நின்றபோது காலை வெயில் ஏறிவிட்டது. இறங்கியவரைப் பார்த்து நான் ஒரு கணம் வேறு யாரோ என்று நினைத்தேன். நீளமான கறுப்பு அங்கிக்குள் ஒரு சின்ன உருவம். அம்மா பாதியாகிவிட்டிருந்தார். முகத்தை மட்டும் ஏன் காட்டினார் என்று அப்போது விளங்கியது. எனக்கு வந்த கோபத்தில் கட்டிப்பிடிக்கக்கூடத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் வளர்ந்த பிறகு கட்டிப்பிடிக்கிற வழக்கமும் இல்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அம்மா வாசற்படியில் நின்றார். "செருப்ப எங்க கழட்டணும்?" என்று கேட்டார். தன் வீட்டு வாசலில் நின்று கேட்கிறார்!

அங்கியைக் கழற்றிவிட்டு, சேலையோடு நான் தைத்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வந்தார். தோள் வழிந்து கைக்கு வந்தது. கைக்குள் இன்னொரு கை போகலாம். நான் முதுகில் ஊக்கு ஊக்காகக் குத்தி இழுத்துப் பிடித்தேன். "நல்லாருக்கு புள்ள, வெளிக்குத் தெரியல" என்றார் அம்மா. பால் காய்ச்சுவதைப் பார்க்க ஏறி வந்திருந்த பெரியம்மா எதையோ சொல்ல வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். அவர் வாயை மூடி நான் பார்த்தது அன்றுதான்.

புதுச்சட்டியில் பால் ஊற்றி அடுப்பில் வைத்தார்கள். அப்பா தானே தீ மூட்டினார். அந்த வீட்டில் முதல் முதலாகப் புகை ஏறியது. எல்லோரும் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். பால் நுரைத்து விளிம்புக்கு வந்தது. "பொங்குது, பொங்குது" என்று பெரியம்மா குலவை போட வாயில் கை வைத்தார்.

அம்மா பாய்ந்து சட்டியை இறக்கிவிட்டார்.

முந்தானையால் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல், இறக்கிக் கீழே வைத்தார். அதோடு நிற்கவில்லை. முந்தானை நுனியால் அடுப்பு விளிம்பைத் துடைக்கவும் தொடங்கினார். அங்கே துடைக்க ஒன்றுமே இல்லை. எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு விளங்கியது. கை அப்படியே நின்றது.

"அங்க அடுப்புல ஒரு சொட்டு விழுந்தாலும் மெடம் ஏசும்" என்றார். "கை பழகிருச்சு."

இத்தனை காலம் சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் ஏறியது இந்த ஒரு பொங்கலுக்குத்தானே! அப்பா கோபப்படுவார் என்று பயந்தேன். அப்பா குனிந்து சட்டியை எடுத்தார். திரும்ப அடுப்பில் வைத்தார். அம்மாவின் இரண்டு கைகளையும் தன் ஒரு கைக்குள் பிடித்துக்கொண்டார். எங்கள் முன்னால் அவர் அப்படிப் பிடித்து நான் பார்த்ததே இல்லை.

"இது ஒன் அடுப்பு" என்றார். "சிந்தட்டும்."

பால் பொங்கியது. விளிம்பைத் தாண்டி, சட்டியில் வழிந்து, தீயில் விழுந்து சீறியது. அப்பா கையை விடவில்லை. அம்மா அடுப்பைத் துடைக்க முடியாமல் நின்று, விக்கி விக்கி அழுதார். பெரியம்மா ஊரே கேட்கக் குலவை போட்டார்.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு அம்மா மெதுவாகச் சொன்னார். வந்தது லீவிலாம். திரும்பப் போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்தாராம்.

"எதுக்கு? வீடு வந்திருச்சு, எனக்கு வேலையும் இருக்கு, இன்னும் எதுக்கும்மா?" என்று சத்தம் போட்டேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

"இந்த ஒரு தடவதான் புள்ள. சொல்லிட்டேன், மாத்த ஏலாது." அம்மா என் அறைக்குள் வந்து சுற்றிப் பார்த்தார், மெஷினைத் தொட்டார். பிறகு ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி என்னிடம் நீட்டினார். "இப்ப உள்ள அளவுக்கே ஒண்ணு தச்சு வை. வந்து போட்டுக்கிறேன்."

அதே வார்த்தை. அளவு நாடாவை எடுத்தேன். அம்மாவை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, கையை உயர்த்தச் சொன்னேன். மார்பளவு எடுக்க நாடாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். அதற்கு இரண்டு கைகளாலும் சுற்றிப் பிடிக்க வேண்டும். என் கன்னம் அம்மாவின் தோளில் பட்டது. அங்கே சவர்க்காரம் வேறு, எண்ணெய் வேறு, அதற்கும் அடியில் அம்மாவின் வாசம் அப்படியே இருந்தது. முதுகில் இப்போது எலும்பு தட்டுப்பட்டது.

மார்பு, இடுப்பு, தோள், கை, கழுத்து என்று எல்லாவற்றையும் எடுத்து எழுதி முடித்தேன்.

"முடிஞ்சிருச்சா?" என்றார் அம்மா, கையை இறக்கப் பார்த்து.

"இல்லம்மா, கைய இறக்காதீங்க" என்றேன். "சரியா வரல. முதல்ல இருந்து எடுக்கணும்."